குழந்தையின் பணமும் குடும்பத்தின் அந்தரங்கமும்

பிரிந்து வாழும் தாய்தந்தையருள் ஒருவர் குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்க்க, மற்றவர் அக்குழந்தையின் ஜீவனத்துக்காகத் தம் வருவாயில் ஒரு பங்கை மாதந்தோறும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது எல்லாத் தேசத்தாரும் ஒப்புக்கொண்ட தர்மம். ஆயினும் அந்தத் தர்மம் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது ஒன்று. அது வீட்டு வாடகையாகவும் பள்ளிக்கூடச் செருப்பாகவும் உருமாறிக் குழந்தையை வந்து அடைவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கென்றே அமெரிக்க சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் ஸ்தாபனத்தில், கலிபோர்னியாவின் ஒரு கவுண்டி அலுவலகத்தில் வழக்கு அதிகாரியாக இருந்து, என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். அங்கு வாழும் தமிழர்கள் ‘சைல்ட் சப்போர்ட் ஆபீஸ்’ என்று அதைச் சொல்வார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பணம் வசூலிக்கும் இலாகா என்றுதான் உலகம் அதை அறிந்திருக்கிறது. அதன் உள்ளிருந்து வேலை செய்த எனக்கோ, வசூலிப்பது அதன் பாதி வேலையாகவே தோன்றிற்று. வசூலிப்பதற்காக அறிய நேர்ந்த குடும்ப விஷயங்களை, அறியக்கூடாதவர் காதில் விழாமல் காப்பது மற்றப் பாதி. ஒருவரை ஒருவர் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்ட இருவர், குழந்தையின் பொருட்டு மூன்றாவதாக ஒரு ஸ்தாபனத்தை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை குலைந்தால் விண்ணப்பம் வராது. விண்ணப்பம் வராவிட்டால் குழந்தைக்குப் பணமும் வராது. இந்த ஒரு விஷயத்தை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் வருகிறவர் எவரும் தனியொரு மனிதர் அல்லர். பலரையும் கலந்து, அடையாளங்களை அழித்தே எழுதுகிறேன். உத்தியோகம் என்னை விட்ட பின்னும் அந்தக் கடமை என்னை விடவில்லை.

இந்த ஏற்பாடு பிறந்த வரலாறே இவ்விரு கடமைகளும் உடன்பிறந்தவை என்பதைக் காட்டும். பிரஜைகளைப் பற்றிச் சர்க்கார் வைத்திருக்கும் தஸ்தாவேஜுகளைக் கட்டுப்படுத்தும் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு கையெழுத்திட்டது 1974 டிசம்பர் 31-ஆம் தேதி. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு குழந்தை ஆதரவுக்கான புதிய பகுதியைச் சேர்த்த மசோதாவில் அவர் கையெழுத்திட்டது 1975 ஜனவரி 4-ஆம் தேதி. அதில் கையெழுத்திட்டபோதே, காணாமற்போன பெற்றோரைக் கண்டுபிடிப்பதற்காக மத்திய சர்க்காரின் பதிவேடுகளையெல்லாம் திறந்து பார்க்கும் ஒரு சேவையை நிறுவுவது அந்தரங்கத்தைப் பற்றிய கடுமையான கேள்விகளை எழுப்புகிறது என்று அவர் எழுத்துமூலம் தெரிவித்தார். குழந்தைக்கு உதவ வேண்டுமென்ற விருப்பமும், சர்க்கார் குடும்பத்துக்குள் வரம்பு மீறி நுழைந்துவிடுமோ என்ற அச்சமும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. இன்று அமெரிக்கக் குழந்தைகளில் ஐவருக்கு ஒருவர் என்ற அளவில் இத்திட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் இதன் வழியே வசூலாகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நேரே குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறது. இவ்வளவு பெரிய காரியம் நடப்பதற்கு எவ்வளவு தகவல் வேண்டியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் மேஜைக்கு முன்னே வந்து அமரும் தாயிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பல. குழந்தையின் தந்தை யார், கடைசியாக எங்கே வேலை பார்த்தார், அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண் தெரியுமா, இருவரும் எப்போது பிரிந்தீர்கள், குழந்தை எத்தனை நாள் யாரிடம் இருக்கிறது? இவற்றில் ஒன்றையேனும் கூச்சமின்றிச் சொல்லக்கூடியவர் சிலரே. நம் பக்கத்துப் பெண்ணொருத்தி, கணவரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் வந்தவள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, படிவத்தின் முதல் வரியிலேயே பேனாவை நிறுத்திவிட்டு, “அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா என் விசாவுக்கு ஏதாச்சும் வந்துடுமா?” என்று கேட்டாள். “இந்தப் படிவத்துல குடியுரிமைக்குச் சான்று கேட்கலைம்மா. விசா விஷயத்துக்கு இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கோ. அது என் துறை இல்ல. ஆனா குழந்தைக்குச் சேர வேண்டியதைக் கேட்கிற உரிமை உனக்கு இருக்கு” என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்வதும், என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதை அதற்குரியவரிடம் அனுப்புவதும் அந்த மேஜையின் ஒழுக்கம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. தாயும் தந்தையும் மட்டுமல்லாமல், பேரக்குழந்தையை வளர்க்கும் பாட்டியும் விண்ணப்பிக்கலாம்; பணம் கொடுக்க வேண்டிய தந்தையே முன்வந்து விண்ணப்பிப்பதும் உண்டு. ஒன்றை மாத்திரம் முதல் நாளே இருதரப்பாருக்கும் விளக்கிவிடுவோம்: எங்கள் வக்கீல் உங்களுக்கு வக்கீல் அல்ல, எதிர்த்தரப்புக்கும் வக்கீல் அல்ல, பொதுநலத்தின் சார்பில் நிற்பவர். தமக்கென யோசனை வேண்டுவோருக்கு, கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டி நீதிமன்றத்திலும் குடும்பச் சட்ட உதவியாளர் ஒருவர் கட்டணமின்றி வழிகாட்டுகிறார். இந்த வரையறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், தந்தை எங்களைப் பகைவராகப் பார்ப்பது குறைகிறது. தாயும் எங்களைத் தன் கட்சிக்காரராக எண்ணி ஏமாற வேண்டியிருப்பதில்லை.

மணம் புரியாத பெற்றோரானால் முதலில் தந்தை இன்னார் என்பது சட்டப்படி நிலைநாட்டப்பட வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். மனம் மாறினால் அதை ரத்து செய்ய 60 நாள் அவகாசம் இருக்கிறது. சந்தேகம் எழுமிடத்தில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். ஒரு மனிதனின் வாழ்வையே திருப்பிப் போடக்கூடிய அந்த முடிவு, வழக்குக்கு வேண்டியவர்களைத் தவிர வேறெவர் கண்ணிலும் படாமல் வைக்கப்படுகிறது.

தொகையை நிர்ணயிப்பது அதிகாரியின் தயவோ நீதிபதியின் மனநிலையோ அல்ல. மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒரு சூத்திரம் சட்டத்திலேயே இருக்கிறது. இருவரின் வருமானமும், குழந்தை யாரிடம் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதும் அதன் பிரதான அங்கங்கள். ‘அவர் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்’ என்ற தாயின் ஆத்திரமும், ‘அவள் நகை வாங்கவா நான் உழைக்கிறேன்’ என்ற தந்தையின் ஆத்திரமும் அந்தச் சூத்திரத்தின் முன் சற்றுத் தணிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஏனெனில் அங்கே யாருடைய குணமும் விசாரிக்கப்படுவதில்லை, கணக்கு மாத்திரமே பார்க்கப்படுகிறது.

உத்தரவு கிடைத்தபின் பணம் செல்லும் வழியில்தான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் எல்லாம் அடங்கியிருக்கிறது. தந்தையின் முதலாளிக்குச் சம்பளப் பிடித்தத்துக்கான உத்தரவு போகிறது. பிடித்த தொகையை அவர் ஏழு வேலை நாட்களுக்குள் மாநிலப் பட்டுவாடா நிலையத்துக்கு அனுப்புகிறார். அந்நிலையம் இரண்டு வேலை நாட்களுக்குள் தாயின் கணக்குக்கு மாற்றிவிடுகிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய நிலையத்தை நிறுவியாக வேண்டும். இப்பாதையில் பணம் மாத்திரம் பிரயாணம் செய்கிறது. தந்தை தம் கையால் உறையைக் கொடுக்கத் தாயின் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. காசோலையின் பின்புறத்திலிருந்து அவளுடைய பாங்கியும் ஊரும் அவருக்குத் தெரியவருவதில்லை. அவர் எந்த ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது அவளுக்கும் தெரிவதில்லை. முதலாளிக்கும் பிடிக்க வேண்டிய தொகையும் அனுப்ப வேண்டிய இடமும் தெரிகின்றனவேயன்றிக் குடும்பம் உடைந்த கதை தெரிவதில்லை. சம்பளப் பிடித்தத்துக்கான உத்தரவு வந்துவிட்டதே என்பதற்காக ஒருவரை வேலையினின்று நீக்குவதும் சட்டவிரோதம். சண்டைக்குக் காரணமாயிருந்த முதல்தேதி, பல வீடுகளில், இந்தப் பட்டுவாடா நிலையம் வந்தபின் மற்ற நாட்களைப் போல ஒரு நாளாகிவிட்டது.

தர மறுப்பவரிடமும், வேலைக்கு வேலை தாவி மறைபவரிடமும் சட்டத்தின் கை நீளமானது. புதிதாக ஒருவரை வேலைக்குச் சேர்த்த முதலாளி 20 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அத்தகவல் மாநிலப் பதிவேட்டின் வழியாகத் தேசியப் பதிவேட்டுக்குச் சென்று, நிலுவை வைத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. வருமான வரியில் திரும்பி வர வேண்டிய தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். பாங்கிக் கணக்கைத் தடுக்கலாம். டிரைவிங் லைசென்ஸை நிறுத்திவைக்கலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படும். ஆனால் இந்தக் கருவிகளையெல்லாம் கையில் வைத்திருந்த எனக்கு, அவற்றைப் பிரயோகிக்க நேர்ந்தவர்களுள் கொடாதவரைவிட இல்லாதவரே அதிகமாகத் தென்பட்டார்கள். லாரி ஓட்டும் ஒருவர் வேலையிழந்து, உத்தரவை மாற்றக் கோராமல் வெட்கத்தால் ஒதுங்கியிருந்து, மாதக்கணக்கில் பாக்கி ஏறியபின் வந்து நிற்பார். 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருமுறை ஏறிவிட்ட பாக்கியை எந்த நீதிபதியும் பின்னோக்கிக் குறைக்க இயலாது. மாற்றம் கோரிய மனு எதிர்த்தரப்புக்கு அறிவிக்கப்பட்ட பிறகு வரும் மாதங்களுக்கே நிவாரணம். ஆகவே என்னிடம் வந்த ஒவ்வொரு தந்தையிடமும், “வேலை போன அன்னைக்கே வந்துடுங்க, ஐயா, வெட்கப்பட்டு வீட்ல இருக்கிற ஒவ்வொரு மாசமும் கடனா எழுதப்படும்” என்று சொல்லிவந்தேன். தவணைக்கு ஒப்புக்கொண்டால் லைசென்ஸை விடுவிக்கலாம்; லைசென்ஸ் கிடைத்தால் லாரி ஓடும்; லாரி ஓடினால்தான் குழந்தைக்குப் பணம். சிறையிலிருப்பதைத் தானாகத் தேடிக்கொண்ட வேலையின்மையாகக் கருதலாகாது என்று 2016-இல் மத்திய விதி ஏற்பட்டதும் இந்த விவேகத்தின் வழியில்தான்.

இனி, காப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கணினியில் நான் திறந்த ஒவ்வொரு வழக்கும், பார்த்த ஒவ்வொரு பக்கமும் என் பெயரில் பதிவாகும். வேலைக்குத் தேவையின்றி ஒரு வழக்கைத் திறந்து பார்ப்பதே தவறு. பார்த்ததை வெளியே சொல்வது அதைவிடப் பெரிய தவறு. புதிதாக வேலைக்கு அமர்ந்தோர் பதிவேட்டை அதிகாரமின்றிப் பார்க்கும் ஒவ்வொரு செய்கைக்கும் 1,000 டாலர் அபராதமும் வேலைநீக்கம் வரையிலான தண்டனையும் மத்திய சட்டத்தில் உண்டு. அப்பதிவேட்டில் சேரும் தகவலை 24 மாதங்களில் அழித்துவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. குழந்தை ஆதரவுக் கோப்புகளின் ரகசியத்தை வேண்டுமென்றே மீறுவது கலிபோர்னியாச் சட்டப்படி குற்றம். வருமான வரி இலாகாவிடமிருந்து வந்த தகவலுக்குத் தனிப் பூட்டு, தனி நடைமுறை. தெரிந்தவர் பெயர் எனக்கு வந்த பட்டியலில் தென்பட்டால், கோப்பைத் திறவாமலே மேலதிகாரியிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிடுவேன்.

இவ்விதிகளின் அருமை தொலைபேசியில்தான் தெரியும். ஒரு தந்தை அழைப்பார். மகளின் பிறந்தநாள் வருகிறது, பொம்மை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், முகவரி மட்டும் சொல்லுங்கள் என்பார். குரலில் கனிவு இருக்கும். பெரும்பாலோரிடம் அது உண்மையான கனிவுதான். அவருக்கும் நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றே: முகவரி தர இயலாது, குழந்தையைப் பார்க்கும் உரிமை வேண்டுமானால் நீதிமன்றத்தில் கோரலாம், அதற்கு உதவும் இடத்தைச் சொல்கிறேன். அன்பாகக் கேட்பவரையும் அன்பை வேடமாகத் தரித்தவரையும் ஒரு தொலைபேசிக் குரலிலிருந்து பிரித்தறிய எந்த அதிகாரியாலும் முடியாது. அந்த ஆற்றல் தனக்கு உண்டென்று எண்ணும் அதிகாரியே அபாயகரமானவர். விதியானது எல்லோருக்கும் ஒரே பதிலைத் தருவதால், நல்லவருக்குச் சிறிது மனவருத்தம் நேர்ந்தாலும், மற்றவனால் ஓர் உயிருக்கு ஆபத்து நேர்வது தடுக்கப்படுகிறது. அணையின் மதகு எந்த நீர் நல்ல நீர் என்று ஆராய்வதில்லை. அளவை மட்டும் காக்கிறது. அப்படித்தான் நாங்கள் இருக்கக் கற்றுக்கொண்டோம்.

அடிபட்டுத் தப்பி வந்த பெண்களுக்கென்று மேலும் சில அரண்கள் உள்ளன. அவள் வழக்கில் குடும்ப வன்முறைக் குறி இடப்பட்டால், மத்தியப் பதிவேட்டிலிருந்தே அவளையும் குழந்தையையும் பற்றிய தகவல் வெளிவருவது நிறுத்தப்படும். அதை வெளியிடலாமா என்பதை ஆபத்தை ஆராய்ந்து நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ‘சேஃப் அட் ஹோம்’ என்ற மாநிலத் திட்டம் 1999 முதல் இத்தகையோருக்கு மாற்று அஞ்சல் முகவரி தருகிறது. அவர்கள் உண்மையில் குடியிருக்கும் தெரு மாநில, உள்ளூர்ச் சர்க்கார்களின் காகிதங்களில் பெரும்பாலும் ஏற வேண்டியதில்லை. விசாரணைக்கு நேரில் வந்து எதிரே நிற்க அஞ்சுவோர் தொலைபேசி வழியே ஆஜராக அனுமதி கோரலாம். சர்க்காரிடம் ரொக்க உதவி பெறும் குடும்பம் எங்களோடு ஒத்துழைப்பது பொதுவிதி. ஆனால் ஒத்துழைத்தால் ஆபத்து நேரும் என்பதற்கு நியாயம் காட்டும் தாய்க்கு விலக்கு அளிக்கப்படுகிறது. பணத்தைக் கோராமலிருப்பதே பாதுகாப்பு என்று ஒரு தாய் முடிவு செய்தால், அந்த முடிவையும் சட்டம் மதிக்கிறது.

தமிழர் கூடும் இடங்களில் இந்த மௌனத்தைக் காப்பது, அலுவலகத்தில் காப்பதைவிடக் கடினமாயிருந்தது. பொங்கல் விழாவில் இலைக்கு முன்னே அமர்ந்திருக்கும்போது பக்கத்திலிருந்தவள், “ஏன் அக்கா, அந்தப் பொண்ணு கேஸ் உங்க ஆபீஸ்லதானே ஓடுது?” என்று கேட்பாள். “எங்க ஆபீஸ்ல யார் கேஸ் இருக்கு, யார் கேஸ் இல்லன்னு நான் சொல்றதே இல்லம்மா. நாளைக்கு உன் பேரைச் சொல்லி யாராவது கேட்டாலும் இதே பதில்தான்” என்பேன். இல்லை என்று ஒருத்திக்குச் சொல்லத் தொடங்கினால், அடுத்தவளுக்குச் சொல்லாமலிருப்பதே ஆம் என்று பொருள்படும். எனவே இல்லை என்பதையும் சொல்லலாகாது. இதனால் என்னைக் கர்வி என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்டவர்களுள் ஒருத்தியே பின்னொரு நாள் தன் கஷ்டத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு எப்படி வருவதென்று தனியே விசாரித்தாள். அன்று நான் வாய் திறந்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயம்.

எங்கள் கை எட்டாத எல்லையும் உண்டு. பிற நாடுகளில் ஜீவனாம்ச உத்தரவுகளை நிறைவேற்றுவதற்கான 2007-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அமெரிக்காவில் 2017 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பை நேரடியாக நிறைவேற்றும்படி இந்தியச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கீழும் கோர முடியாது. ஆதலால் தந்தை வேலையை விட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டால், அமெரிக்காவிலுள்ள தாய் இந்தியாவில் புதிதாக வழக்காட வேண்டியிருக்கிறது. குழந்தையின் வயிறு இரு தேசங்களின் சட்டத்துக்கும் காத்திருப்பதில்லை. இரு தேசங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில், இந்த இடைவெளியை அடைப்பது இரு சர்க்கார்களுக்கும் கடமை என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சர்க்கார் இவ்வளவு அறிந்துவைத்திருப்பது நன்றா என்று கேட்போர் உண்டு, கேட்கவேண்டிய கேள்விதான். அறியும் அதிகாரம் குழந்தையின் பொருட்டு மாத்திரமே கொடுக்கப்பட்டது என்ற நினைவு ஒவ்வொரு அதிகாரியின் மனத்திலும் இருக்கும்வரை அது நன்று. அந்த நினைவு மறையும் இடத்தில், சட்டமும் அபராதமும் கணினிப் பதிவும் துணைநிற்க வேண்டும். ஆகையால் இப்பணிக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: கோப்பைத் திறக்குமுன், இதை நான் பார்ப்பதால் இந்தக் குழந்தைக்கு என்ன பயன் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதில் இல்லையானால் திறவாதீர்கள். உதவி வேண்டி வரும் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் சொல்ல விரும்புவதும் ஒன்று உண்டு: உங்களுக்கு அச்சம் இருந்தால், படிவத்தின் மற்றக் கேள்விகளுக்கு விடை எழுதுமுன் முதலில் அந்த அச்சத்தைச் சொல்லுங்கள். முகவரியை மறைக்க வேண்டுமா, எந்த எண்ணில் அழைக்கலாம், எந்த நேரத்தில் அழைக்கலாகாது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும் கடமை எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.